லினக்ஸ் கணினி எழ மறுத்தால்... ஃபார்மேட் செய்யும் முன் ஒரு நிமிடம்!



நம் பக்கத்தில் கணினிக்கு எந்த நோய் வந்தாலும் மருந்து ஒன்றுதான். அதன் பெயர் "ஃபார்மேட்". காய்ச்சல் என்று போனவனுக்குக் காலை எடுத்துவிடும் வைத்தியம் போன்றது அது. கணினி எழும்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் நாம் எதற்காகக் கணினி வைத்திருந்தோமோ, அது போய்விட்டிருக்கும்.

இந்தக் கட்டுரையில் லினக்ஸ் கணினி பூட் ஆகாமல் நின்றால் எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடிப்பது எப்படி, எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதை என் அனுபவத்தோடு சொல்ல விரும்புகிறேன். கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டிக்கொள்க.

அம்மாவின் கணக்கு

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. படூரில் அன்று பகலிலிருந்தே மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி உண்டு. பெரியம்மா மகள் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அரசு கொடுத்தது. அக்கா கல்யாணமாகிப் போனபோது எங்களிடம் விட்டுப் போனார். பேட்டரி செத்து வெகு நாளாகிறது. சார்ஜரைச் செருகினால்தான் ஓடும். அதில் நான் லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுத்திருந்தேன்.

அம்மா மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். மாதச் சேமிப்பு, உள்கடன், வட்டி, யார் எவ்வளவு திருப்பினார் எல்லாம் அந்தக் கணினியில்தான். நோட்டில் எழுதுவதை மார்ச் மாதத்தோடு விட்டுவிட்டார். "கம்ப்யூட்டரே கூட்டிக் கழிச்சுக் குடுக்குது, எதுக்கு ரெண்டு வேலை?" என்பது அவர் வாதம். வங்கிக் கடனுக்கு அந்த வாரம் கணக்கைக் காட்ட வேண்டும்.

புயல் ஓய்ந்து மின்சாரம் நிலைத்த பிறகு அம்மா கணினியைப் போட்டார்.

"என்னடா இது, கருப்பா எழுத்து எழுதிக்கிட்டு அப்படியே நிக்குது?"

போய்ப் பார்த்தேன். வெள்ளை எழுத்தில் நாலைந்து வரி. கடைசியில் "இனிட்ராம்எஃப்எஸ்" என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லும், அதன் பக்கத்தில் காத்திருக்கும் கோடும். எனக்கும் கைகால் ஓடவில்லை. பவர் பட்டனை அழுத்தி அழுத்திப் பத்து முறை அணைத்துப் போட்டேன். அதுதான் நான் செய்த முதல் தவறு. அப்புறம் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடையின் பெயர் வேண்டாம்.

"ஹார்டு டிஸ்க் அவுட்டு தம்பி. அதுவும் லினக்ஸ் வேற. ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் போட்டுடலாம். எண்ணூறு ரூபா ஆகும்."

"உள்ளே ஒரு கணக்கு இருக்குண்ணா..."

"அது போச்சுன்னு வெச்சுக்கோ."

அம்மாவுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "பன்னெண்டு பேரு பணம்டா அது. எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா" என்றார். பெட்டியை மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். டிப்ளமோ கம்ப்யூட்டர் படிக்கிறவன் வீட்டுக் கணினியை முதலில் படித்துப் பார்க்காமல் கடைக்குத் தூக்கிப் போனோமே என்ற வெட்கம் அன்று இரவு முழுவதும் இருந்தது.

'பூட்' என்றால் என்ன?

'பூட்ஸ்ட்ராப்' என்ற சொல்லின் சுருக்கம்தான் 'பூட்'. தன் காலணியின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்று பொருள். கணினியின் நிலைமையும் அதேதான். இயங்குதளம் டிஸ்கில் இருக்கிறது. டிஸ்கைப் படிக்க இயங்குதளம் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க, சிறியவர் எழுந்து பெரியவரை எழுப்பும் ஒரு வரிசையை வைத்திருக்கிறார்கள்.

காலையில் நம் பாலிடெக்னிக் திறப்பதை நினைத்துப் பாருங்கள்.

முதலில் வாட்ச்மேன் கேட்டைத் திறந்து, விளக்கு எரிகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறார். இவர்தான் பயாஸ். புதிய கணினிகளில் இவருடைய இடத்தில் இருப்பது யூஇஎஃப்ஐ.

அடுத்து சாவிக்கொத்தோடு அட்டெண்டர் வருகிறார். எந்த அறையை இன்று திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இவர் பூட் லோடர், அதாவது 'க்ரப்'.

பிறகு முதல்வர் வருகிறார். அவரே கெர்னல். வரும்போது ஒரு கைப்பை கொண்டுவருகிறார். ஸ்டோர் ரூமைத் திறப்பதற்குத் தேவையான சில சாமான்கள் மட்டும் அதில் இருக்கும். அந்தப் பைதான் இனிட்ராம்எஃப்எஸ். ஸ்டோர் ரூம் என்பது நம் டிஸ்கில் உள்ள முதன்மைப் பகுதி, 'ரூட்' பார்ட்டிஷன்.

கடைசியாக அலுவலகக் கண்காணிப்பாளர். யார் யாருக்கு என்ன வேலை என்று பிரித்து அனுப்புகிறார். இவர் சிஸ்டம்-டி. அவர் வேலையை முடித்தால் மணி அடிக்கிறது. நமக்கு லாகின் திரை வருகிறது.

மணி அடிக்கவில்லை என்றால் கட்டடத்தையே இடித்துக் கட்டுவோமா? யார் வரவில்லை என்றுதானே பார்ப்போம்? கணினியிலும் அதைத்தான் செய்ய வேண்டும். திரையில் கடைசியாகத் தெரிந்தது என்ன என்று பார்த்தால், எவர் வரை வந்தார்கள் என்று தெரிந்துவிடும். ஆகவே முதல் வேலை, திரையைச் செல்போனில் படம் எடுப்பது. அணைத்தபின் அந்த எழுத்து திரும்ப வராமலும் போகலாம்.

முதல் நிலை: வாட்ச்மேனே வரவில்லை

திரையில் எதுவுமே இல்லை, அல்லது பீப் ஒலி மட்டும் வருகிறது என்றால் லினக்ஸைக் குறை சொல்லாதீர்கள். லினக்ஸ் இன்னும் மேடைக்கே வரவில்லை. சார்ஜரையும், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி இணைத்துப் பாருங்கள். ராம் அட்டையை எடுத்து அதன் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் துடைத்துப் பொருத்துங்கள். கேளம்பாக்கம் உப்பளமும் கோவளம் கடலும் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில் உப்புக்காற்றுக்குக் குறைவில்லை. உலோகப் பற்கள் களிம்பேறுவது இங்கே சாதாரணம்.

"நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தால் வாட்ச்மேன் வந்துவிட்டார், டிஸ்க்தான் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பொருள். ஏதாவது பென் டிரைவ் செருகியபடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதி நேரம் அதுதான் காரணம். அடுத்து பயாஸுக்குள் போய் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தால் பூட் வரிசை முதலிய அமைப்புகளும் மறந்துபோகும். பேட்டரியை மாற்றி, வரிசையைச் சரிசெய்தால் போதும்.

இரண்டாம் நிலை: சாவிக்கொத்து தொலைந்தது

இது நம் தமிழ்நாட்டில் நிறையப் பேர் பார்த்த பழுது. 2011 செப்டம்பர் 15இல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. எல்காட் மூலம் வாங்கப்பட்ட அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் உருவாக்கிய நம் நாட்டு லினக்ஸ். ஆக, லினக்ஸ் என்ற பெயரையே கேட்டிராத எத்தனையோ கிராமத்து வீடுகளுக்குள் அது பையோடு வந்து இறங்கியது.

என்ன ஆயிற்று? "இந்த பாஸ் எதுக்கு, இடத்தை அடைக்குது" என்று விண்டோஸில் இருந்தபடியே லினக்ஸ் பகுதியை அழித்துவிட்டார்கள். என் வகுப்புத் தோழனின் அண்ணனும் அதைத்தான் செய்தார். மறுமுறை கணினியைப் போட்டதும் "நோ சச் பார்ட்டிஷன்" என்று ஒரு வரியும், "க்ரப் ரெஸ்க்யூ" என்று இன்னொரு வரியும். விண்டோஸும் எழவில்லை! காரணம் கேளுங்கள்.

பழைய முறையில் டிஸ்கின் முதல் 512 பைட்டுக்கு எம்பிஆர் என்று பெயர். அதில் 446 பைட்டில் பூட் லோடரின் முதல் துண்டு, 64 பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணை, மீதி 2 பைட்டில் முத்திரை. 446 பைட்டில் முழு க்ரப்பும் அடங்காது. ஆகவே அட்டெண்டரின் தலை மட்டும் எம்பிஆரில் இருக்கிறது, உடம்பு லினக்ஸ் பகுதியில் இருக்கிறது. லினக்ஸ் பகுதியை அழித்தபோது உடம்பு போய்விட்டது. தலை மட்டும் வாசலில் நின்று "என் சாவிக்கொத்து எங்கே?" என்று கேட்கிறது. அந்த அண்ணனின் விண்டோஸ் கோப்புகளுக்கு ஒரு கேடும் இல்லை. விண்டோஸ் நிறுவும் டிஸ்கைப் போட்டு, ரிப்பேர் பகுதியில் எம்பிஆரை மட்டும் புதுப்பித்தோம். பத்து நிமிட வேலை.

இன்னொரு வகையும் உண்டு. லினக்ஸ் பகுதியை அழிக்கவில்லை, வேறு ஒரு பகுதியை அழித்தோம் அல்லது புதிதாகப் பிரித்தோம். அப்போது லாஜிக்கல் பகுதிகளின் எண் மாறிவிடும். 7ஆம் எண்ணில் இருந்தது 6 ஆகிவிடும். க்ரப் பழைய எண்ணைத் தேடிப் போய் ஏமாந்து நிற்கும். இதற்கு வழி க்ரப் ரெஸ்க்யூவிலேயே உண்டு.

"எல்எஸ்" என்று தட்டினால் பகுதிகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றாக, "எல்எஸ் (எச்டி0,எம்எஸ்டாஸ்6)/" என்று சாய்கோட்டோடு தட்டிப் பாருங்கள். "அன்னோன் ஃபைல்சிஸ்டம்" என்று வந்தால் அது நம் இடமில்லை. பூட், ஹோம், இடிசி என்ற பெயர்கள் தெரிந்தால் அதுதான் நம் லினக்ஸ். பிறகு மூன்று வரிகள்:

"செட் ப்ரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்6)/பூட்/க்ரப்"
"இன்ஸ்மாட் நார்மல்"
"நார்மல்"

பழக்கமான மெனு வந்து நிற்கும். லினக்ஸுக்குள் போனதும் "சுடோ க்ரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ", அடுத்து "சுடோ அப்டேட்-க்ரப்" என்று தட்டினால் நிரந்தரமாகச் சரியாகும்.

யூஇஎஃப்ஐ உள்ள புதிய கணினிகளில் சில நேரம் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நேராக விண்டோஸ் மட்டும் எழும். லினக்ஸ் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். அமைப்புத் திரையில் பூட் வரிசையைப் பார்த்து லினக்ஸின் பெயரை முதலில் வைத்தால் பெரும்பாலும் முடிந்தது. ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், செக்யூர் பூட்டை மாற்றும் முன் அதன் மீட்புச் சாவி எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் நிலை: முதல்வருக்கு மயக்கம்

"கெர்னல் பேனிக்" என்று வந்து எல்லாம் உறைந்து நிற்கும். "அனேபிள் டு மவுண்ட் ரூட்" என்றும் கூடவே வந்தால், பெரும்பாலும் கைப்பை வரவில்லை என்று அர்த்தம். அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போயிருக்கும், அல்லது பூட் பகுதியில் இடம் தீர்ந்து இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் நின்றிருக்கும்.

லினக்ஸ் நல்ல குடும்பஸ்தன். புது கெர்னல் வந்தாலும் பழையதை வீட்டை விட்டு அனுப்பாது. கணினி எழும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி க்ரப் மெனுவை வரவழைத்து, "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்பதில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். எழுந்ததும் "டிஎஃப் -எச்" தட்டி இடம் இருக்கிறதா என்று பார்த்து, தேவையில்லாத பழைய கெர்னல்களை நீக்கி, "சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்" என்று புதுப்பித்துவிடுங்கள்.

நான்காம் நிலை: ஸ்டோர் ரூம் திறக்கவில்லை

எங்கள் வீட்டுக் கணினி நின்ற இடம் இதுதான். பயாஸ் வந்தது, க்ரப் வந்தது, கெர்னலும் வந்துவிட்டது. கைப்பையில் உள்ள சாமானால் ஸ்டோர் ரூமைத் திறந்து பார்த்திருக்கிறது. உள்ளே ஏடுகள் கலைந்து கிடந்ததால், "நான் தொட மாட்டேன், நீயே சரிபார்" என்று நம்மிடம் சொல்லி நிற்கிறது. செல்போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் படித்தபோது, "ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி" என்று தெளிவாக எழுதியிருந்தது. அத்தனை பதற்றத்தில் அந்த வரியை நான் படிக்கவே இல்லை.

கலைந்தது எப்படி? கடையில் கணக்கு எழுதுகிறவர்கள் முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்புமுறையும் அப்படியே. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரத்தை மாற்றும் முன் 'ஜர்னல்' என்ற குறிப்பேட்டில் எழுதிவைக்கிறது. ஒருமுறை மின்சாரம் போனால் அடுத்த முறை எழும்போது குறிப்பேட்டைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். நாம் கவனிப்பதுகூட இல்லை. ஆனால் எழுந்துகொண்டிருக்கும்போதே மறுபடி மறுபடி மின்சாரம் வெட்டினால், டிஸ்க் தன் தற்காலிக நினைவில் வைத்திருந்ததை எழுதாமலே விட்டால், குறிப்பேடும் பேரேடும் ஒத்துப்போகாமல் ஆகிவிடலாம். புயல் நாளில் பேட்டரி இல்லாத கணினியில் நடந்தது இதுவே. போதாக்குறைக்கு நான் வேறு பத்து முறை பட்டனை அழுத்தியிருக்கிறேன்.

இதற்கு மருந்து எஃப்எஸ்சிகே. அந்தக் கருப்புத் திரையிலேயே "எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ5" என்று தட்டினால் எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று சொல்லிச் சரிசெய்யத் தொடங்கும். எனக்கு அது தெரியும். ஆனாலும் தட்டவில்லை. ஏன் என்பதைச் சொல்ல வேண்டும்.

முதல் வருடத்தில் ஹாஸ்டல் நண்பன் ஒருவனின் பழைய கணினியில் இதே திரை வந்தது. நான் பெரிய வித்தகன் போல உட்கார்ந்து அந்தக் கட்டளையைத் தட்டினேன். அவனுடைய டிஸ்க் உண்மையிலேயே பழுதாகிக்கொண்டிருந்தது. படிக்க முடியாத இடங்களையெல்லாம் எஃப்எஸ்சிகே வெட்டி எறிந்தது. முடிந்தபோது அவனுடைய மினி பிராஜெக்ட் இருந்த இடம் காலி. 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற அடைவில் பெயர் இழந்து எண்களாகக் கிடந்த நூற்றுக்கணக்கான துண்டுகள். "பரவால்லடா, திரும்ப எழுதிக்கலாம்" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எஃப்எஸ்சிகே கோப்புமுறையை ஒழுங்காக்கும் கருவி. நம் கோப்புகளைக் காப்பாற்றும் கருவி அன்று. எனவே பிரதி முன்னே, ரிப்பேர் பின்னே. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

நான் செய்த வரிசை

1. நண்பனின் கணினியில் லினக்ஸ் மின்டை ஒரு 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, 'லைவ்' ஆக எங்கள் கணினியை அதிலிருந்து எழுப்பினேன். டிஸ்கைத் தொடாமலே லினக்ஸ் பென் டிரைவிலிருந்து ஓடும்.

2. "எல்எஸ்பிஎல்கே" தட்டி எது டிஸ்க், எது பென் டிரைவ் என்று அளவைப் பார்த்து உறுதிசெய்தேன். பெயர் மாறினால் நல்லதை அழித்துவிடுவோம்.

3. 'டிஸ்க்ஸ்' என்ற நிரலில் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்தேன். படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டர், மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர், இந்த இரண்டு எண்ணையும் பார்க்க வேண்டும். இரண்டுமே பூஜ்யம்! "ஹார்டு டிஸ்க் அவுட்டு" என்றது தவறு. அந்த எண்கள் ஏறியிருந்தாலோ, டிஸ்க் கடகடவென்று ஒலித்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு, "டிடிரெஸ்க்யூ" என்ற கருவியால் முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும். நண்பன் கணினியில் நான் செய்யத் தவறியது அது.

4. பகுதியை எழுத முடியாதபடி திறந்தேன்: "சுடோ மவுண்ட் -ஓ ஆர்ஓ,நோலோட் /டெவ்/எஸ்டிஏ5 /எம்என்டி". 'ஆர்ஓ' என்றால் படிக்க மட்டும். 'நோலோட்' என்றால் குறிப்பேட்டையும் தொடாதே என்று பொருள்.

5. ஹோம் அடைவு தெரிந்தது. அம்மாவின் கோப்பும் தெரிந்தது. இன்னொரு பென் டிரைவுக்கு நகலெடுத்து, அங்கேயே திறந்தும் பார்த்தேன். பெயர் மட்டும் இருந்து உள்ளே வெறுமையாக இருப்பதும் உண்டு. திறந்து பார்த்தால்தான் நகல் நகல்.

அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டு பெயர்களும் வரிசையாகத் திரையில் வந்தபோது, "அந்த மூணாவது வரி பாரு, ரெண்டாயிரம் கட்டுனது ஏறியிருக்கா?" என்றார். ஏறவில்லை. புயல் நாளன்று போட்ட மூன்று பதிவுகளைச் சேமிக்கும் முன்பே மின்சாரம் போயிருக்கிறது. ரசீது இருந்ததால் அவற்றை மட்டும் மறுபடி எழுதினார்.

6. இதற்குப் பிறகுதான் ரிப்பேர். "சுடோ யுமவுண்ட் /எம்என்டி" என்று பகுதியை மூடிவிட்டு, முதலில் "எஃப்எஸ்சிகே -என்" என்று பார்த்தேன். 'என்' என்றால் எதையும் மாற்றாமல் குறைகளை மட்டும் சொல்லும். பட்டியல் சிறியதாகவே இருந்தது. பிறகு "எஃப்எஸ்சிகே -எஃப் /டெவ்/எஸ்டிஏ5". கேட்ட கேள்விகளுக்கு ஆம் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பென் டிரைவை எடுத்துவிட்டு எழுப்பினேன். மணி அடித்தது!

சில நேரம் நான்காம் படியிலேயே பகுதி திறக்காது. 'சூப்பர்பிளாக்' என்ற தலைப்பேடு கெட்டிருக்கலாம். எக்ஸ்ட்4 அதற்குப் பல நகல்கள் வைத்திருக்கிறது. வழக்கமான 4 கேபி பிளாக் அளவில் முதல் நகல் 32768ஆம் பிளாக்கில் இருக்கும். முழு டிஸ்கையும் பிரதி எடுத்துவிட்டு, "இ2எஃப்எஸ்சிகே -பி 32768" என்று பகுதியின் பெயரோடு கொடுத்தால் அந்த நகலை வைத்துச் சரிசெய்யும்.

ஐந்தாம் நிலை: கண்காணிப்பாளர் காத்திருக்கிறார்

"எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்" என்று ஒன்றரை நிமிடம் ஓடி, பிறகு "எமர்ஜென்சி மோடு" என்று நிற்கும். /இடிசி/எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் எழுதியிருக்கும் ஏதோ ஒரு டிஸ்க் இப்போது இல்லை. கழற்றிய இரண்டாவது ஹார்டு டிஸ்காக இருக்கலாம், ஃபார்மேட் செய்து அடையாள எண் மாறிய பகுதியாகவும் இருக்கலாம். "பிஎல்கேஐடி" தட்டி உண்மையான எண்களைப் பார்த்து, கோப்பில் ஒத்துப்போகாத வரியின் முன்னால் எண் குறி போட்டு முடக்கிவிடுங்கள். என்ன தடை என்று "ஜர்னல்சிடிஎல் -எக்ஸ்பி" விரிவாகச் சொல்லும்.

எல்லாம் வந்து லாகின் திரையில் கடவுச்சொல் போட்டதும் மறுபடி லாகினுக்கே வருகிறதா? கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் "டிஎஃப் -எச்" தட்டுங்கள். டிஸ்க் நிறைந்து வழிந்திருக்கும். சினிமாவை நீக்கினால் கணினி எழும்.

வருமுன் காப்போம்

பேட்டரி செத்த மடிக்கணினியை மழைக்காலத்தில் யுபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள். அப்டேட்டை மின்சாரம் நிலையாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். லைவ் பென் டிரைவ் ஒன்றை இன்றே தயார் செய்து பையில் போட்டு வையுங்கள். கணினி படுத்த பிறகு அதைச் செய்ய இன்னொருவர் கணினிக்கு அலைய வேண்டியிருக்கும். முக்கியக் கோப்புகளை வாரம் ஒருமுறை வேறிடத்தில் நகலெடுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் அம்மாவே பென் டிரைவில் எடுத்துவிடுகிறார். நோட்டிலும் மறுபடி எழுதத் தொடங்கிவிட்டார். அதைத் தடுக்க எனக்கு இப்போது வாய் இல்லை.

லினக்ஸை 1991இல் ஃபின்லாந்தில் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் அப்போது நம்மைப் போல மாணவர்தான். தவறு நேர்ந்தால் அதை மூடி மறைக்காமல் திரையில் எழுதிக் காட்டும் இயங்குதளம் இது. அந்தக் கருப்புத் திரையைப் பார்த்துப் பயப்படுகிறோம். உண்மையில் அது நமக்கு எழுதிய கடிதம். படித்துப் பார்க்கும் பொறுமைதான் வேண்டும்.

நாளை நீங்களே ஒரு சர்வீஸ் கடை வைக்கலாம். அப்போது யாராவது ஒரு பையன் மழையில் நனைந்துகொண்டு பழைய பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால், ஃபார்மேட் என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உள்ளே என்னப்பா இருக்கு?"